சமையலறை வாசலில் ஒரு கம்ப்ரஸர்

காற்றடிக்கிற கம்ப்ரஸர் விற்கிறவளுக்கு இருட்டிய பிறகு கேட்கும் எந்தச் சத்தமும் வெறும் சத்தமாக இருப்பதில்லை. அன்று விளக்கை அணைத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். சமையலறைப் பக்கமிருந்து மெல்லிய சீறல் ஒன்று வந்தது. பாம்பாக இருந்தால்கூட பரவாயில்லை, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடலாம். சீறலுக்குப் பின்னால் ஒரு 'டக்'. அதற்குப் பின்னால் வீடே உறும ஆரம்பித்தது. இரண்டரை வயது மித்ரா எழுந்து உட்கார்ந்து வீறிட்டாள்.

என் கணவர் குமரன் சாயங்காலம் வண்டிப் பாகங்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, கம்ப்ரஸரின் ஸ்விட்சை அணைக்காமல் நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். எங்கேயோ காற்று கசிந்து, டேங்கில் அழுத்தம் இறங்கியதும் மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. இது பேயில்லை, ப்ரஷர் ஸ்விட்ச் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் பயம் குறையவில்லை. கூடத்தான் செய்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எட்ட நின்று, தரை துடைக்கிற மாப் குச்சியால் ஸ்விட்சைத் தட்டி அணைத்தேன்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்ப்ரஸர் கடையின் கவுன்டரில் நாலு வருஷமாக நிற்கிறேன். வீட்டுப் பட்டறைக்கு எது வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. நெமிலிச்சேரியில் எங்கள் வாடகை வீட்டில் இருப்பதை மட்டும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பட்டறையை மூடிவிட்ட நண்பர் ஒருவரிடமிருந்து குமரன் அதை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில் அது நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் சமையலறைப் பின்வாசல் படியிலேயே உட்கார வைத்தார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. "ரெண்டே நாள்" என்றார் குமரன். ஆறு வாரம் ஆகிறது. பின்கதவு மூடாது. அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டிவிட்டுப் படுக்கிறேன்.

கதவைவிடப் பெரிய கவலை அந்த டேங்க்தான். அது எந்தக் காலத்தது, உள்ளே எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் என் குழந்தை தூங்குகிறாள். அது வீட்டை விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. நீங்களும் கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர் என்றால் இது புரியும். நாம் ஊருக்குச் சொல்லும் புத்திமதிக்கு நம் வீட்டில் மட்டும் காது கிடையாது.

சத்தம் வராதது

மாங்காட்டில் புது அடுக்ககத்தில் மூன்றாவது மாடிக்காரர். கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர். பால்கனியில் மரவேலைப் பட்டறை போடப் போகிறாராம். மூணு எச்.பி. வேண்டும், ஆனால் சத்தமே வரக் கூடாது என்றார். நான் படித்த கான்வென்ட்டில், ஒருத்தர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தால் எனக்கு இந்தத் தொழிலில் நிறைய மதிய உணவு ஆறியிருக்கிறது. அவர் முடித்த பிறகு சொன்னேன்: எச்.பி. என்பது மோட்டாரின் பலம், நீங்கள் கேட்க வேண்டியது நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தரும் என்பதை. ஆணி அடிக்கிற கன்னுக்குக் காற்று அதிகம் தேவையில்லை, சின்னதே போதும். பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். "வீட்டுக்காரம்மா இருப்பாங்க. வீட்ல இருந்துதான் வேலை. நாள் பூரா மீட்டிங்குங்க" என்றார்.

ஒரு சின்ன மெஷினை ஓட்டிக் காட்டினேன். கடைக்குள் நின்று கேட்டார், முகம் சுளித்தார். வாசலில் போய் நின்றார். எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போனார். அப்புறம் ஆளையே காணோம். ஐந்து நிமிடம் கழித்துத் தெருமுனையிலிருந்து போன் வந்தது. "மேடம், இங்க நின்னா கேக்கறதே இல்லீங்க. இதையே பில் போட்ருங்க. பட்டறையை எங்க வெக்கறதுன்னு நான் அப்புறமா யோசிச்சுக்கறேன்."

இரண்டு பாட்டில் தண்ணீர்

குமணன்சாவடியில் வீட்டு முன்பக்கமே கார் ஒடுக்கு எடுக்கிறவர். நாலு மாதம் முன்பு எங்களிடம் வாங்கியவர். ஒருநாள் இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து கவுன்டரில் டொக் டொக்கென்று வைத்தார். உள்ளே டிகாக்ஷன் நிறத்தில் ஏதோ இருந்தது. "இன்னா மேடம் இது? காத்து மெஷின் கேட்டேன். தண்ணி மெஷின் குட்த்துகீறீங்க" என்றார். காற்றில் இருக்கிற ஈரம்தான் டேங்குக்குள் தண்ணீராகச் சேர்கிறது; வேலை முடிந்ததும் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து தினமும் வடித்துவிட வேண்டும்; விட்டால் டேங்க் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும் என்று சொன்னேன். விற்கும்போதும் இதைத்தான் சொன்னேன். விற்கும்போது சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். "அப்ப இத்த இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊத்திக்கலாமா?" என்று கேட்டார்.

சிரித்தபடியே அவரை அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் டேங்கின் அடிக்குழாயை இந்த ஆறு வாரத்தில் யார் திறந்தது? வீட்டுக்குப் போனதும் குமரனிடம் கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அதைத் திறந்தா திரும்ப மூடாதாம். அந்த ஃப்ரெண்டு முன்னாடியே சொல்லித்தான் குடுத்தான். அதனாலதான் நான் தொடவே இல்ல."

சார் வரலையா

ஆவடியிலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டிலேயே கேக் செய்கிறவர். கேக்கின் மேல் வண்ணம் ஊதுகிற சின்ன கன்னுக்கு ஒரு சின்ன கம்ப்ரஸர் தேவைப்பட்டது. நாலு வருஷத்தில் என் கவுன்டருக்கு வந்து, எச்.பி.யைப் பற்றிக் கேட்காமல், "இந்த கன்னுக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு காத்து வேணும், அதுக்கு எது சரியா வரும்?" என்று கன்னோடு வந்த விவரத் தாளையும் கையில் வைத்துக்கொண்டு கேட்ட முதல் ஆள் அவர்தான். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற மூன்று ஆண்கள் திறந்துவிட்டார்கள். ஒருவர் பெரிய டேங்காக வாங்கச் சொன்னார். ஒருவர் பழையது வாங்கச் சொன்னார், பாதி விலைக்கு அவரே பார்த்துத் தருவாராம். மூன்றாமவர், "சார் வரலையா? அவரைக் கூட்டிட்டு வாங்க, அவருக்குச் சொன்னா புரியும்" என்றார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதல்ல இவங்க மூணு பேரையும் அனுப்பிடுங்க மேடம். அப்புறம் நாம ரெண்டு பேரும் வேலையப் பாக்கலாம்."

பித்தளைக்குப் பொட்டு

அதே வாரம் ஆவடி டிஃபென்ஸ் குடியிருப்பிலிருந்து மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் கைக்குட்டையில் ஒரு சேஃப்டி வால்வைச் சுற்றிக்கொண்டு வந்தார். டேங்கில் அழுத்தம் அளவு மீறினால் தானாகத் திறந்து காற்றை வெளியே விடுகிற சின்னப் பித்தளைச் சாமான் அது. டேங்க் வெடிக்காமல் இருப்பதற்குக் கடைசிக் காவல். மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியும் வால்வு ஊதவில்லை, உடனே கரன்ட்டைப் பிடுங்கிவிட்டேன் என்றார். நிதானமான மனிதர்.

எங்கள் மெக்கானிக் முனுசாமி அண்ணன் வால்வைக் கையில் வாங்கி, ஓர் ஊக்கால் அதன் துளைகளைச் சுரண்டினார். மஞ்சளாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மோந்து பார்த்தார். சந்தனம். கடையே சிரித்தது. வந்தவர் கூச்சத்தோடு, "பூசையன்னைக்கு எங்க வீட்டம்மா வச்சது தாயி. மிஷினுலயே அது ஒண்ணுதான் தங்கமாட்டம் மின்னுச்சாம்" என்றார்.

நானும்தான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. எங்கள் வீட்டில் அன்று பூஜை செய்தது யார்? அந்தத் துருப்பிடித்த உருவத்தில் எங்கே பொட்டு வைப்பது என்று தேடி, பித்தளையாக இருந்த ஒரே இடத்தில், அதுவும் குழைத்த சந்தனத்தை மிச்சம் வைக்காமல், அப்பி வைத்தது யார்? இந்தத் தொழிலில் நாலு வருஷம் இருக்கிறவள். சேஃப்டி வால்வை ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குத் தொட்டுக் காட்டுகிறவள். வீட்டில் கையில் சந்தனக் கிண்ணம் வந்ததும் எனக்கும் அது மின்னுகிற சாமானாகத்தான் தெரிந்திருக்கிறது. முனுசாமி அண்ணன் என் முகத்தைக் கவனிக்கவில்லை. வால்வைத் துடைத்தபடி வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சாமி காப்பாத்தும் சார், இல்லேன்னு சொல்லல. அதும் வாயிலயே சந்தனத்த அடைச்சா அது எப்டி சார் கத்தும்?"

வீட்டில் விற்காதே

அன்று வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்வாசலுக்குப் போனேன். ஊக்கால் சந்தனத்தைத் தோண்டி எடுத்தேன். எடுத்துவிட்டு, வால்வின் வளையத்தை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. சந்தனத்துக்கு அடியில் அதைவிடப் பழைய களிம்பு இறுகிக் கிடந்தது. நான் அடைக்காவிட்டாலும் அது திறந்திருக்காது. இதில் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

துணி காயப்போடுகிற கொடியில், பெயின்ட் அடித்த இரண்டு ஸ்கூட்டர் பக்கத்தகடுகள் மித்ராவின் கவுன்களுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நன்றாகத்தான் அடித்திருந்தார். அதையும் சொல்ல வேண்டும். குமரனிடம் வால்வு இறுகிக் கிடப்பதைச் சொன்னேன். "இத்தனை வருஷம் அவன் பட்டறையில ஓடின மெஷின். ஒண்ணும் ஆகலையே" என்றார். "ஆகிற வரைக்கும் எதுவுமே ஆகாதுங்க" என்றேன். ஒரு தகட்டைத் தொட்டுக் காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். "இந்த வேலை நல்லா பிடிச்சுக்கிச்சுன்னா நைட் ஷிஃப்டை விட்ரலாம்னுதானே இதெல்லாம். ராத்திரி நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கீங்கன்னுதானே" என்றார். அதுவும் உண்மைதான். என் பயத்துக்கு மருந்து தேடிப் போனவர், கதவே மூடாதபடி அந்த மருந்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார்.

புது மெஷின் எங்கள் கடையிலேயே தவணையில் எடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்து ஷிஃப்டுக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கடையில ஜனங்களைப் பயமுறுத்தி விக்கிறது உன் வேலை. வீட்லயும் விக்காத."

மேலே ஒரு சத்தம், கீழே ஒரு சத்தம்

என் பேச்சு எடுபடாது என்று ஆன பிறகு முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். குமரன் மரியாதையாகக் காபி கொடுத்தார். அண்ணனும் மெஷினைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. காபியை முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாக்கலாமா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். முதலில் கரன்ட்டைப் பிடுங்கச் சொன்னார். ஹோஸ் வழியாக மிச்சக் காற்றை மெதுவாக விட்டார். முள் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு ஸ்பேனரின் பிடியால் டேங்கின் மேல்பக்கம் தட்டினார். டங் டங்கென்று கோவில் மணி மாதிரி கேட்டது. குமரன் என்னைப் பார்த்தார். அண்ணன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அடிப்பக்கம் தட்டினார். தொப் தொப். ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அடியில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். சுத்தியல்கூட எடுக்கவில்லை. பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. இழுத்ததும் பழுப்புத் தண்ணீர் சமையலறைத் தரையில் கொட்டி, காஸ் சிலிண்டர் வரைக்கும் ஓடியது. துருச் செதில்கள் அதில் மிதந்தன. "மாப்ள, இது டேங்க் இல்ல. அப்பளம்" என்றார் அண்ணன்.

குமரன் தண்ணீரில் கால் வைக்க வந்த மித்ராவைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போனார். ரொம்ப நேரம் அங்கேயே இருந்தார். நான் தரையைத் துடைத்து முடித்த பிறகு, குழந்தையைத் தோளில் போட்டபடி வந்து நின்றார். "வாங்கறப்ப நானும் தட்டித்தான் பாத்தேன்ணா. மேல மட்டும்."

வரிசையில் நின்றவர்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கவுன்டரில் மூன்று பேர். மூன்றாவதாகக் குமரன் நின்றுகொண்டிருந்தார். ஷிஃப்டு முடிந்து தூங்க வேண்டிய நேரம். கையை ஆட்டிக் கூப்பிட்டேன், வரவில்லை. தன் முறை வரும்வரை நின்றார். வந்ததும், "வீட்டுப் பட்டறைக்கு ஒரு கம்ப்ரஸர் வேணும் மேடம்" என்றார். முனுசாமி அண்ணன் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. எல்லாரிடமும் கேட்பதையே கேட்டேன்.

"என்ன வேலைக்கு சார்?"

"வண்டி பாகத்துக்கு பெயின்ட் அடிக்க."

"ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?"

"பத்து நிமிஷம். அப்புறம் ஆற விடுவேன். இனிமே."

"கரன்ட்?"

"சிங்கிள் ஃபேஸ். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிடும்."

பெல்ட்டில் ஓடும் ஒரு நடுத்தர மெஷினைக் காட்டினேன். அவருடைய கன்னுக்கு வேண்டிய காற்றைவிட இது கொஞ்சம் கூடவே தரும், ரொம்பக் கூட இல்லை என்றேன். குனிந்து டேங்கின் தகட்டில் எவ்வளவு அழுத்தத்துக்குச் சோதித்தது என்று பொறித்திருப்பதை விரலால் தடவிப் படித்தார். அடிக்குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். பின்சந்தின் அகலத்தை டேப் வைத்து அளந்து பேனாவால் அங்கே எழுதி வைத்திருந்தார். மெஷினின் அகலத்தை அளந்து இரண்டையும் ஒப்பிட்டார். "பக்கத்துல யாரு இருப்பாங்க?" என்று கேட்டேன். விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டரை வயசுல ஒருத்தி. அவளைவிடப் பயப்படறவ ஒருத்தி" என்றார். கேட்க வேண்டியதில் ஒன்று பாக்கி இருந்தது. எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"கதவுக்கு வெளியில, மேடம்."

பழையது போன நாள்

பழைய இரும்புக்காரர் வருவதற்கு முன்பே முனுசாமி அண்ணன் வந்து மோட்டாரைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, டேங்கில் நாலு இடத்தில் டிரில் போட்டார். ஓட்டை போடாமல் விட்டால் நாளைக்கே ஒரு கோட் பெயின்ட் அடித்து வேறொரு வீட்டு வாசலுக்கு விற்றுவிடுவார்கள் என்றார். வண்டியில் ஏற்றும்போது இரும்புக்காரர் முணுமுணுத்தார்: "இத்தினி ஓட்டை போட்டுகீறீங்களே, இன்னாத்துக்கு அதும் மேல இவ்ளோ கோவம்?"

மறுநாள் காலையில் புது மெஷின் சந்தில் இடித்துக்கொள்ளாமல் போய் உட்கார்ந்தது. மேலே ஒரு தகரக் கூரை. பின்கதவுதான் மழையில் ஊறிப் பெருத்திருந்தது. தாழ்ப்பாள் அதன் துளையைப் பார்க்கவே மறுத்தது. குமரன் இழைப்புளியால் விளிம்பைச் சீவி, துளையை விரல் அகலம் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் காற்று விற்று நான் கண்டதில் உருப்படியானது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அன்று ராத்திரி அவர் போன பிறகு பின்கதவைச் சாத்தி உள்பக்கமாக நான் போட்ட தாழ்ப்பாள்தான்.